துளை சிறியதா, அறுவை சிறியதா?

இன்று பாடத்திற்கு வெளியே ஒரு செய்தி. பெற்றோரும் ஆசிரிய நண்பர்களும் கூச்சம் பாராமல் படிக்க வேண்டுகிறேன்.

ஐந்தாம் படிவம் பயின்ற என் அக்காள் மகன், இடப்பக்க விதைப்பையில் கனமும் வலியும் இருப்பதைப் பல மாதங்கள் மறைத்து வைத்திருந்தான். பிறகு தாய்மாமன் என்பதால் என்னிடம் சொன்னான். மருத்துவர் அதனை ‘வெரிக்கோசில்’ என்றார். விதையிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுசெல்லும் சிரைகள் புடைத்துச் சுருளும் நோய் அது. ஆண்களில் ஏறத்தாழ 100க்கு 15 பேரிடம் காணப்படுவது. பெரும்பாலும் இடப்பக்கமே வரும். பலருக்கு அறுவை தேவையில்லை. வலி நீடித்தாலோ, வளரும் வயதில் விதை சிறுத்தாலோ, பின்னாளில் மகப்பேறு தடைப்பட்டாலோ அறுவையைப் பற்றி எண்ண வேண்டும். இவனுக்கு விதையின் வளர்ச்சி குன்றியிருந்தது.

“ஓட்டை போட்டே செய்யட்டும் தம்பி, வெட்ட வேண்டாம்,” என்றார் அக்காள். தாயுள்ளம் அல்லவா!

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நுண்துளை அறுவையில் முழு மயக்கம் கொடுத்து, வயிற்றில் பொதுவாக மூன்று துளைகளிட்டு, வாயு நிரப்பி, கேமராவின் துணையுடன் சிரைகளை உள்ளே அடைப்பார்கள். இரு பக்கமும் நோய் இருந்தால் அதே துளைகள் போதும். திறந்த அறுவையில் அடிவயிற்றின் ஓரத்தில் 2 முதல் 3 செண்டிமீட்டர் வெட்டு. நுண்ணோக்கி கொண்டு செய்தால், தமனியையும் நிணநீர்க் குழாய்களையும் விட்டுவிட்டுச் சிரைகளை மட்டும் கட்டலாம். நிணநீர்க் குழாய் அடைபட்டால் விதையைச் சுற்றி நீர் கோக்கும். அவ்வாறு நீர் கோப்பதும் நோய் திரும்புவதும் நுண்ணோக்கி முறையில்தான் மிகக் குறைவு. ஆனால் நேரம் கூடுதலாகும். பயின்ற கை வேண்டும். நுண்ணோக்கியின்றி வெட்டினால் அந்த நன்மை குறைந்துவிடும்.

அக்காள் நெடுநேரம் யோசித்து, நுண்ணோக்கி முறைக்கே இசைந்தார். பையன் விரைவில் வீடு திரும்பினான். சில வாரங்கள் காற்பந்து மட்டும் இல்லை.

ஆகவே பெற்றோரே, “எத்தனை துளை?” என்று மட்டும் கேளாதீர்கள். “எவற்றைக் கட்டுவீர்கள், எவற்றைக் காப்பீர்கள், இம்முறையில் உங்களுக்குப் பழக்கம் எவ்வளவு?” என்றும் கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். பெண்பிள்ளைகளிடம் பருவ மாற்றம் குறித்துப் பேசத் தாயோ ஆசிரியையோ முன்வருகிறார். ஆண்பிள்ளைகளிடம் யார் பேசுகிறோம்? ஆறாம் ஆண்டு நலக்கல்வி வேளையில், “உடலில் எங்கே வலித்தாலும் சொல்லலாம், அதில் வெட்கமில்லை,” என்று ஒருமுறை சொல்லி வைப்போம். பல மாத வேதனையை அச்சொல் தவிர்க்கக்கூடும்.