மேடையில் முளைத்த வேடிக்கை

மேடையேறிய சிறிது நேரத்திலே ஒரு மயக்கம் பிறக்கிறது. தோழர்கள் அறிவர் அதனை! புள்ளிவிவரம் அடுக்குகிறோம், அவையில் இருமல். வரலாறு கூறுகிறோம், பின்வரிசையில் கொட்டாவி. அப்போது நாவிலே ஒரு வேடிக்கைச் சொல் வந்து நிற்கிறது. எழுதி வைத்ததன்று, எண்ணிப் பார்த்ததன்று, அந்த நொடியிலே முளைத்தது! வீசுகிறோம், எழுகிறது சிரிப்பொலி. அதன்பின் பேச்சாளரை நடத்திச் செல்வது கொள்கையா? அன்று, கைதட்டல்!

2025 ஏப்ரலில் நாடே கண்டதன்றோ? அமைச்சராயிருந்த பொன்முடி, சென்னையிலே, பெரியார் பெயர் தாங்கிய அமைப்பின் மேடையிலே, சைவ வைணவக் குறிகளை நையாண்டி செய்யப் புகுந்தார். சமயத்தைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்குண்டு. எவரிடமும் இரந்து பெற்றதன்று அது. ஆனால் இழிவுபட்டது எது? நாமமா? பட்டையா? இரண்டும் கீறலின்றித் தப்பின. இழிவுபட்டவள், உடலை விற்றுப் பிழைக்க நேர்ந்த பெண்! அச்சொல் எண்ணி வைத்ததோ, அப்போது தோன்றியதோ, எதுவாயினும் ஆகுக. உள்ளரங்கக் கூட்டம்தான், எனினும் கைப்பேசி ஒன்று போதாதா, ஊரெங்கும் கொண்டு சேர்க்க? மன்னிப்புக் கேட்டார். ஏப்ரல் 11 அன்று கட்சிப் பொறுப்புப் போயிற்று; உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது; அத்திங்கள் முடியுமுன் அமைச்சர் பதவியும் போயிற்று.

பதவி போனது பெரிதன்று. பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முழங்கியது இவ்வியக்க மேடையில். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென 1929 பிப்ரவரியில் தீர்மானித்தது, நம் படப்பையிலிருந்து தொலைவில்லாத செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு. அவர்கள் சேர்த்து வைத்த முதலில் எவ்வளவு கரைந்தது, அந்த ஒரு சிரிப்பில்?

நொடியில் பிறக்கும் கேலி எளியோர்மீதே பாய்வானேன்? நினைத்த மாத்திரத்தில் கைக்கெட்டுவது புதுக்கருத்தன்று. ஊர்நாவில் ஊறிக்கிடக்கும் பழமைதான். மாமியார், கறுப்பு நிறம், திக்குவாய், கைம்பெண், சாதித்தொழில், இவையெல்லாம் பழைய சமுதாயம் வார்த்து வைத்த கேலிகள். எண்ண நேரமிருந்தால் பகுத்தறிவு குறுக்கே நின்று தடுக்கும். நேரமில்லாதபோது, நம் வாயால் பாட்டன் பேசுகிறான்!

மராட்டியத்திலே, 2013 வறட்சியின்போது, உழவர் ஒருவர் மும்பையில் தண்ணீர் கேட்டு உண்ணாநோன்பிருந்தார். துணை முதல்வராயிருந்த அஜித் பவார், அணையில் நீரில்லையே, சிறுநீர் கழிப்பதோ என்று கூட்டத்தில் கிண்டல் செய்தார். பின்னர்க் கராடிலே ஒரு நாள் அவரே உண்ணாநோன்பிருந்து வருந்த நேர்ந்தது. 1984 ஆகஸ்ட் 11 அன்று, ஒலிவாங்கியைச் சோதிக்கையில், உருசியாவின்மீது 5 நிமிடத்தில் குண்டுவீச்சு என்றார் அமெரிக்கத் தலைவர் ரீகன். வேடிக்கைதான், அணுகுண்டு வைத்திருப்பவரின் வேடிக்கை!

நகைச்சுவையே ஆகாதென்போமா? கலைவாணரைத் தந்த நாட்டில் அப்படிச் சொல்ல நா எழாது. 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அவர் நடத்திய கிந்தனார் கதாகாலட்சேபம், ஒடுக்கப்பட்ட சிறுவன் கல்வியால் உயர்ந்ததைச் சொன்னது. உழைத்து ஆக்கிய நகைச்சுவை அது. சிரித்தோர் சிறுவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவனை ஒதுக்கியோரைப் பார்த்தே சிரித்தனர்.

படப்பைக் கடைத்தெருவில் ஒரு மாலை, தொழிலாளர் உரிமை பற்றிக் கூட்டம். ஒரகடத்து ஆலைப் பேருந்துகள் ஆட்களை இறக்கிவிடும் வேளை. பேசிக்கொண்டிருந்தவர் இளந்தோழர்; பெயர் வேண்டாம். சாப்பாட்டுப் பையோடு வந்த பெண்கள் சிலர் நின்று கேட்கத் தொடங்கினர். கண்டதும் பூரித்து, "விடுதிச் சோற்றைத் தின்றும் நிற்கத் தெம்பிருக்கிறதே!" என்றார். ஆண்கள் சிரித்தனர்.

2021 டிசம்பரில் பூந்தமல்லி விடுதியொன்றின் உணவால் ஆலைப் பெண்கள் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதையும், அவர்தம் தோழியர் திருப்பெரும்புதூர்ப் பக்கம் நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்ததையும் இவ்வட்டாரம் மறக்கவில்லை. நின்ற பெண்களில் ஒருத்தி மேடையை ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள், மற்றவர்களும் பின்சென்றனர். யார்க்கென அச்சிட்டோமோ அவர்க்கெனக் கொண்டு வந்த துண்டறிக்கைகள், நாற்பது இருக்கும், நம் கையிலேயே தங்கின.