ஐ.ஈ.யும் ஈ.ஜி.யும்

நந்தனத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து, வசதியில்லாத கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டி உதவுகிறோம். ஆங்கிலத்தில் எழுத வேண்டியது எதுவானாலும் என்னிடம்தான் வரும். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவன் என்று எனக்குப் பெயர். 'டிஸ்கஸ்' போட்டால் 'அபௌட்' வராது, 'ரிடர்ன்' இருந்தால் 'பேக்' வேண்டாம் என்று மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவேன். நான் எழுதியதை யாரிடமும் காட்டியதில்லை.

ஒரு முறை உதவித்தொகை அறிவிப்பையும் நானே எழுதினேன். கல்லூரியில் படிக்கிறவர்களுக்குத்தானே என்று ஆங்கிலத்தில் மட்டும் எழுதினேன். வருமானச் சான்று கேட்கும் வரி இப்படி இருந்தது: 'இன்கம் ப்ரூஃப், ஐ.ஈ., சாலரி சர்டிஃபிகேட்.' டர்ன்புல்ஸ் சாலைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையிலும் சி.ஐ.டி. நகர் அடுக்ககங்களிலும் ஒட்டினோம்.

விண்ணப்பங்கள் வந்தன. எல்லாவற்றிலும் சம்பளச் சான்றிதழ் ஒழுங்காக இணைக்கப்பட்டிருந்தது. கேட்டபடி அனுப்பியிருக்கிறார்களே என்று மகிழ்ந்தேன். பணமும் கொடுத்து முடித்தோம்.

எங்கள் தெருவில் வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மாவின் மகள் பி.காம். படிக்கிறாள். அவளிடமிருந்து விண்ணப்பம் வரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. இருவரையும் வழியில் பார்த்தபோது, "ஏம்மா, நம்ம உதவித்தொகைக்கு எழுதிப் போடலையா?" என்று கேட்டேன்.

"அது மாசச் சம்பளக்காரங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தானே சார்?" என்றார் அம்மா. "இவங்க அப்பா பெயின்ட் அடிக்கப் போறாரு. அவருக்கு யாரு சம்பளச் சர்டிபிகேட் குடுப்பாங்க?"

"தாசில்தார் தர்ற வருமானச் சான்றிதழ் போதுமேம்மா. சம்பளச் சான்றிதழ்னு ஓர் உதாரணத்துக்குத்தான் போட்டிருந்தேன்."

அந்தப் பெண் தயங்கினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஐ.ஈ.ன்னு இருந்துச்சே சார். அப்படின்னா 'அதாவது'ன்னுதானே அர்த்தம்? உதாரணம்னா ஈ.ஜி. வரணும் இல்லையா?"

அவள் குரலில் குத்தல் இல்லை. தான்தான் தவறாகப் படித்துவிட்டோமோ என்ற கவலை இருந்தது. எனக்கு உடனே பதில் வரவில்லை. ஐ.ஈ. என்பது 'இட் எஸ்ட்' என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். முன்னால் சொன்னது இதுதான், வேறில்லை என்று வரையறுப்பது. ஈ.ஜி. என்பது 'எக்செம்ப்ளி கிராஷியா'. பலவற்றில் ஒன்றைக் காட்டுவது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கை எழுதிவிட்டது, கண்ணும் தாண்டிப் போய்விட்டது. தமிழில் எழுதியிருந்தால் 'எ.கா.' வரவேண்டிய இடத்தில் 'அதாவது' என்று எழுதியிருக்க மாட்டேன்.

அவள் என் அறிவிப்பைச் சரியாகப் படித்தாள். அதனால்தான் விண்ணப்பிக்கவில்லை.

அம்மா தன் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கட்டணம் கட்டியிருந்தார். "பரவால்ல சார், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். தப்பு என்னுடையது என்று சொல்ல அப்போது வாய் வரவில்லை. மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அதே வரியைப் படித்துவிட்டு, நமக்கில்லை என்று ஒதுங்கிய மற்ற பிள்ளைகள் யார் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்களிடம் போய்ச் சொல்ல வழியில்லை.

பிரிட்டன் அரசு தன் இணையதளத்தில் ஐ.ஈ., ஈ.ஜி. போன்ற சுருக்கங்களைக் கைவிடப் போவதாக 2016இல் அறிவித்ததைப் பின்னர் படித்தேன். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் இவற்றில் தடுமாறுகிறார்கள், பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் சில மென்பொருள்கள் ஈ.ஜி.யை 'எக்' என்றே வாசித்துவிடுகின்றன என்பவை அந்த அரசு சொன்ன காரணங்கள்.

அடுத்த ஆண்டு அறிவிப்பைத் தமிழில் எழுதினேன். ஆங்கிலம் அதன் கீழே, சுருக்கம் எதுவும் இல்லாமல். ஒட்டுவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் படிக்கக் கொடுத்தேன். "வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துல விண்ணப்பிக்கலாம்னு ஒரு வரி சேர்க்கலாமா சார்?" என்றாள். சேர்த்தோம். அந்த முறை வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றில் இருந்தது தாசில்தார் தந்த சான்றிதழ்தான்.