ஏழு விநாடிக்குள் சொல்லிவிடு

கார்த்திகை 10, கடலூர் மஞ்சக்குப்பம்

சாப்பிட உட்காரும்போது சிதம்பரம் மேல வீதி அண்ணனிடமிருந்து போன். “தம்பி, பொட்டி மறுபடியும் நின்னுபோச்சு. மவுஸ் மட்டும் நகருது. ரெண்டு நிமிஷம் கழிச்சு தானா ஓடுது. டிஸ்க்கு போயிடுமா?”

அவர் பயம் எனக்குப் புரியும். நாட்டியாஞ்சலி நடன விழா சிதம்பரத்தில் 1981-இல் தொடங்கியது. அதன் பழைய வீடியோ கேசட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார். கேசட்டுகளில் பாதி பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. மிச்சம் இருப்பது டிஸ்க்கில்தான். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பதிவு இருக்கும்படி ரெய்டு-1 முறையில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான். மார்கழித் தேருக்குள் சரிசெய்தாக வேண்டும்.

கார்த்திகை 11, சிதம்பரம்

பி.முட்லூர் தாண்டும்வரை மழை. கடலூரில் வேலை பார்ப்பவனுக்கு இந்த மாதிரிக் கோளாறில் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். உப்புக் காற்றில் எங்கள் ஊர்க் கனெக்டர்கள் பச்சை பூத்துவிடும். புதுக் கேபிள் கொண்டுபோயிருந்தேன், தேவைப்படவில்லை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் வரி, கேபிள் வழியில் தரவு சிதைந்த கணக்கு, பூஜ்யம். 197-ஆம் வரியில் 8. படிக்க முடியாமல் டிஸ்க் நிலுவையில் வைத்திருக்கும் செக்டர்கள் எட்டு.

எட்டு செக்டர் என்றால் நான்கு கிலோபைட். ஒரு மணி நேர ஆட்டத்தில் கண்ணிமைக்கும் நேரத்துக்குக்கூட வராது. அதே பதிவு பக்கத்து டிஸ்க்கில் பழுதில்லாமல் இருக்கிறது. பிறகு ஏன் இரண்டு நிமிஷம்?

லாகைப் பார்த்தால் கதை தெரிந்தது. கெட்ட செக்டரை எப்படியாவது படித்துவிட வேண்டும் என்று டிஸ்க் திரும்பத் திரும்ப முயல்கிறது. வீட்டு உபயோக டிஸ்க் இப்படி ஒரு நிமிஷத்துக்கு மேலும் மல்லுக்கட்டும். அதுவரை யாருக்கும் பதில் சொல்லாது. லினக்ஸின் கர்னல் காத்திருப்பது 30 விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் டிஸ்க் தொங்கிவிட்டது என்று முடிவுகட்டி, போர்ட்டை உறையவைத்து ரீசெட் செய்கிறது. செக்டரோடு போராடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு ரீசெட்டும் உடனே ஏறுவதில்லை. ஏறியதும் அதே செக்டரை மறுபடி கேட்கிறார்கள். இரண்டு பேரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். ஆனால் யார் முதலில் கைவிடுவது என்று ஒப்பந்தம் இல்லை.

கார்த்திகை 12, மஞ்சக்குப்பம், இரவு

சாட்டா டிஸ்க்குகளுக்கான லிப்-ஏ.டி.ஏ. டிரைவரின் நிரலை மறுபடி படித்தேன். அதன் பிழை மீட்புப் பகுதியைத் தேஜுன் ஹியோ 2006-இல் புதிதாக எழுதினார். ரீசெட்டுக்கு நான்கு தவணை: 10 விநாடி, 10, 35, கடைசியாக 5. ஆக ஒரு நிமிஷம். ஒழுங்காக ஓடும் டிஸ்க்குகள் ஏறக்குறைய எல்லாமே 20 விநாடிக்குள் சுழலத் தொடங்கிவிடும், அதற்கும் மெதுவானதுக்குத்தான் அந்த 35 என்று குறிப்பும் இருக்கிறது. எவருடைய டிஸ்க்கையும் அவசரப்பட்டுத் தள்ளிவிடக் கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது. அந்த எண்களைக் குறைத்துக் கர்னலைக் கட்டலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வேண்டாம். அந்தப் பொறுமையால் பிழைக்கும் டிஸ்க்குகள் உண்டு.

பெரிய சர்வர்களின் எஸ்.ஏ.எஸ். டிஸ்க்குகளுக்கு, மீட்பு நேரம் எல்லை மீறினால் இடைப்படிகளை விட்டு நேரே ஹோஸ்ட் ரீசெட்டுக்குப் போகும் வசதி ஸ்கஸி அடுக்கில் இருக்கிறது. லிப்-ஏ.டி.ஏ. மீட்புக்குத் தனி வழி வைத்திருப்பதால் அண்ணன் பெட்டிக்கு அது உதவாது.

மாற்ற வேண்டியது டிஸ்க்கின் பிடிவாதத்தை.

கார்த்திகை 14, சிதம்பரம்

ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் எஸ்.சி.டி. ஈ.ஆர்.சி. என்றொரு அமைப்பு உண்டு. 70 என்று கொடுத்தால் 7 விநாடி; கணக்கு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அதற்குமேல் முயலாதே, முடியவில்லை என்று சொல்லிவிடு என்று டிஸ்க்குக்கு இடும் உத்தரவு. அப்படிச் சொல்லிவிட்டால் ரெய்டு அடுக்கு பக்கத்து டிஸ்க்கிலிருந்து படித்து, கெட்ட இடத்தின் மேலேயே திரும்ப எழுதிவிடும். கெட்ட செக்டர் உள்ள டிஸ்க் உத்தரவை ஏற்றது. மற்றது அந்த வசதியே இல்லாத சாதாரண டிஸ்க். அதற்குக் கர்னலின் 30 விநாடியை 180 ஆக்கினேன். இந்தப் பக்கம் டிஸ்க்கை அவசரப்படுத்த முடியாவிட்டால் அந்தப் பக்கம் கர்னலாவது பொறுக்க வேண்டும். அடுத்த முறை ரெய்டுக்கென்றே செய்த டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள் என்று அண்ணனிடம் சொன்னேன்.

மூன்றரைக்குக் கரண்ட் போனது. யூ.பி.எஸ். பேட்டரி எப்போதோ செத்துப்போயிருக்கிறது. திரும்ப வந்ததும் பார்த்தால் 7 விநாடியையும் காணோம், 180-ஐயும் காணோம். இரண்டுமே மின்சாரத்தோடு போய்விடும் அமைப்புகள். எனக்குத் தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் விட்டுவிட்டேன். மின்வெட்டுக்குப் பேர்போன மழைக்காலத்தில் இதை மறப்பது பெரிய தப்பு. டிஸ்க் எழும்போதெல்லாம் அமைப்பு தானாக ஏறும்படி யூடெவ் விதி எழுதினேன். மெயின் சுவிட்சை மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் அமைப்பு தானாக ஏறியது.

பிறகு ரெய்டு முழுவதையும் சரிபார்க்க விட்டுவிட்டு, கீழ வீதியில் டீ குடித்துவிட்டு வந்தோம்.

கார்த்திகை 15, சிதம்பரம்

காலையில் 197-ஆம் வரி பூஜ்யம். லாகில் அந்த இடத்துக்கு நேரே ஒரே ஒரு படிப்புப் பிழை, உடனே திருத்தம். ரீசெட் ஒன்றுகூட இல்லை.

அண்ணன் முன்பு நின்றுபோன அதே கேசட்டின் பதிவைப் போட்டார். தில்லானாவின் நடுவில்தான் உறையுமாம். அந்த இடம் வந்தபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் நிற்காமல் போனது. முடியும்வரை அவர் எதுவும் பேசவில்லை.

ரெய்டு இருக்கிறது என்பதற்காகத் தனிப் பிரதி வேண்டாம் என்று ஆகாது, மூன்றாவதாக ஒன்று எடுத்துக் கடலூரில் என் வீட்டில் வைக்கிறேன் என்றேன். தலையை ஆட்டினார். “தானே புயல்ல உங்க ஊரு என்ன பாடுபட்டுச்சு, மறந்துட்டியா தம்பி?” மறக்கவில்லை. 2011 டிசம்பர் 30. எங்கள் மாவட்டம் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. மாடி அறையில், தரையிலிருந்து உயரமாக, பிளாஸ்டிக் டப்பாவில் வைப்பேன் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

பஸ்ஸில் டிஸ்க்கை மடியிலேயே வைத்துக்கொண்டேன். ஆலப்பாக்கத்தில் மறுபடி மழை பிடித்தது.