குடுமியான்மலை: பாறையில் உளி, பட்டறையில் கோடாலி

புதுக்கோட்டையிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் குடுமியான்மலை. விவசாயிகளுக்கு இந்தப் பெயரைச் சொன்னதும் அண்ணா பண்ணையும் வேளாண்மைக் கல்லூரியும் நினைவுக்கு வரும். வெளியூர்க்காரர்களுக்குச் சிகாநாதசுவாமி கோயில். இந்த இரண்டுக்கும் நடுவே, இங்கே இரும்பைப் பற்றியும் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

மேலைக்கோயில் என்ற குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் 7ஆம் நூற்றாண்டின் இசைக் கல்வெட்டு இருக்கிறது. பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக வெட்டியிருக்கிறார்கள். கோயில் மண்டபத் தூண்களில் நரசிம்மர், குதிரைமேல் கல்கி, பத்துத்தலை இராவணன் எனப் பெரிய பெரிய சிற்பங்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும் சிற்பியைப் புகழ்வார்கள். ஆனால், கருங்கல்லில் உளி முனை சீக்கிரமே மழுங்கிவிடும். அதை உலையில் காய்ச்சி, அடித்து, பதம் போட்டுக் கொடுக்கக் கொல்லர் இல்லாவிட்டால் கல்வேலை நின்றுபோகும்.

அந்தக் கைத்தொழில் நம் மண்ணுக்கு மிகப் பழையது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் வெளியான தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அறிக்கை சொல்கிறது. அங்கே கிடைத்த இரும்புப் பொருட்களில் கோடாலியும் உண்டு.

குடுமியான்மலைப் பக்கம் ஓர் ஆசாரியின் வீட்டுப் பட்டறையில் கோடாலி செய்வதைப் பார்த்தோம். கொட்டகை, கரி உலை, பட்டடை, சம்மட்டி, குறடு. அவ்வளவுதான் பட்டறை. மெத்தென்ற இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, நடுவில் மடித்துக் காம்பு நுழையும் ஓட்டையை உருவாக்குகிறார். மடிப்பின் நுனிகளுக்கு நடுவே, பழைய லாரி பிளேட்டில் வெட்டிய எஃகுத் துண்டை வைத்து, வெங்காரம் தூவி அடித்து ஒட்டுகிறார். உடம்பு மெத்தென்று இருந்து அதிர்ச்சியைத் தாங்கும். வாய் மட்டும் கடினமாக இருந்து மரத்தை அறுக்கும்.

பூ வேலை அடுத்து. கோடாலியின் பக்கவாட்டில் சின்ன உளியால் பிறை, புள்ளி, கோடு வெட்டுகிறார். நாலு வீட்டார் சேர்ந்து விறகு வெட்டும் இடத்தில் இதுதான் அடையாளம். "பூ வேணும்னா முன்னாடியே சொல்லிரணும்ங்க. பதம் போட்டப்புறம் உளி வச்சா, உளி வழுக்கும், இல்ல வாய் தெறிச்சிரும்" என்கிறார். வாயிலிருந்து மூன்று விரல் தள்ளி, மேலோட்டமாகத்தான் வெட்ட வேண்டும். ஆழமான கோடு விழுந்தால் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும்.

கடைசியில் பதம். வாய்ப்பகுதி செக்கச்செவேல் என்று சிவந்து, காந்தம் ஒட்டாத நிலைக்கு வந்ததும் அந்த இடத்தை மட்டும் எண்ணெயில் தோய்க்கிறார். பிளேட் எஃகைத் தண்ணீரில் போட்டால் வெடிக்கும் வாய்ப்பு அதிகம். எடுத்த உடனே வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கவனிக்கிறார். மேல்பகுதியில் மிச்சமிருக்கும் சூடு கீழே இறங்கும்போது வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா என்று நிறம் மாறும். பழுப்பு ஊதாவாகும் நேரத்தில் முழுவதையும் குளிரவைக்கிறார். முந்தினால் வாய் உடையும், பிந்தினால் மடங்கும்.

ஏரி, கண்மாய், தரிசு எல்லாம் சீமைக்கருவேலம் மண்டிய மாவட்டம் இது. கோடாலிக்கு வேலை குறையவில்லை. ஆனால், கடையில் வாங்கியது மழுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குகிறோம். தேய்ந்த கோடாலிக்குப் புது வாய் வைக்கத் தெரிந்தவர் பட்டறையில்தான் இருக்கிறார். வருஷத்துக்கு நாலு வேலையாவது போகாவிட்டால் அந்த உலையும் அணைந்துவிடும்.

கோடாலி செய்யச் சொல்லும்போது மூன்றைக் கேளுங்கள்: வாயில் எஃகு வைத்ததா, எதில் தோய்த்தது, காம்பு ஓட்டை மேல்பக்கம் சற்று அகலமா? மேலே அகலமாக இருந்தால்தான் காம்பில் ஆப்பு இறுகும். வெட்டும்போது தலை கழன்று பறக்காது. காம்புக்கு நன்றாகக் காய்ந்த வாகை அல்லது புளிய மரத்தை நேர் ரேகையாகப் பார்த்துக் கொண்டுபோங்கள். பழைய கோடாலி இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.