சித்தப்பா தலையில் படிந்த வெள்ளைத் தூசி

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் சித்தப்பாவோடு கூரை வேலைக்குப் போனேன். நான் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பிடித்துக்கொள்ள, அவர் ரம்பத்தால் அறுப்பார். சாயங்காலம் இருவர் தலையும் வெள்ளை வெளேர்! "என்னடா, ஒரே நாள்ல கிழவனாயிட்டே?" என்று சிரித்துக்கொண்டே சித்தி எங்கள் சட்டைகளை உதறினார்.

கல்லூரி திறந்ததும் லைப்ரரியில் கல்நார் பற்றிப் படித்தேன். அதோடு என் சிரிப்பு போயிற்று.

மூச்சோடு உள்ளே போகும் கல்நார் இழையை நுரையீரலின் காவல் செல்கள் விழுங்கப் பார்க்கின்றன. இழையோ ஊசி மாதிரி நீளம். விழுங்க முடியாத செல் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. இழையின் மேலுள்ள இரும்பு அதை உடைத்து ஹைட்ராக்சில் ரேடிக்கலாக்குகிறது. நீலக் கல்நாரில் இரும்பு அதிகம். நம் கூரை ஷீட்டிலுள்ள வெள்ளைக் கல்நாரில் குறைவு. ஆனாலும் எல்லா வகையுமே புற்றுநோய் தரும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

அந்த ரேடிக்கல் டி.என்.ஏ.விலுள்ள குவானினைத் தாக்கி, ஓர் ஆக்ஸிஜனை ஒட்டிவிடுகிறது. சைட்டோசினோடு சேரவேண்டிய குவானின், அடினினோடு தப்பு ஜோடி சேர்கிறது. அடுத்த நகலில் 'ஜி' இருந்த இடத்தில் 'டி' வந்துவிடுகிறது. நம் டிராயிங்கில் ஒரு டைமென்ஷன் மாறினால் என்னாகும்? அது போலத்தான்! செல் பெரும்பாலான பிழைகளைத் திருத்திவிடும். ஆனால் இழை வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கிறதே!

சித்தப்பாவிடம் சொன்னேன். "இருபது வருஷமா அறுக்கிறேன். எனக்கு என்னடா ஆச்சு?" என்றார். நோய் தெரியவே இருபது முதல் நாற்பது வருஷம் ஆகும் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை நாற்பது ஆண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூரைக்குக் கூரை ஏறும் சித்தப்பாவுக்கு எந்தப் பதிவேடு?

இப்போது அவர் ஷீட்டை நனைத்துத்தான் அறுக்கிறார். சித்தி சட்டையை உதறாமல் தண்ணீரில் முக்கிவிடுகிறார். ஆபத்து குறையுமே தவிர, போய்விடாது. துண்டைக் கட்டினாலும் இந்த இழை நிற்காது.

நண்பர்களே, நாளை நாம் சூப்பர்வைசர்களாக சைட்டில் நிற்போம். கல்நார் இல்லாத ஷீட்டும் கடையில் கிடைக்கிறது. எஸ்டிமேட்டில் எந்த ஷீட்டை எழுதப்போகிறோம்? அறுக்கப்போவது யாரோ ஒருவருடைய சித்தப்பா!

- மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு