பதினோராம் பக்கத்தில் என்ன இருந்தது?

எங்கள் ஊர் பெண்ணாடம். தம்பி லோடு ஆட்டோ வாங்க ஃபைனான்ஸ் எடுத்தான். ஏஜென்ட் வீட்டுக்கே வந்தார். அம்மா காபி கொடுத்தாள். "இங்க, இங்க, இங்க" என்று பென்சிலால் டிக் அடித்த இடங்களில் எல்லாம் தம்பி கையெழுத்துப் போட்டான். எல்லாம் இங்கிலீஷ். சில கட்டங்கள் காலியாகவே இருந்தன. "ஆபீஸ்ல ஃபில் பண்ணிக்குவோம் தம்பி" என்றார். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து சென்னையிலிருந்து நோட்டீஸ். வாயால் சொன்ன வட்டி ஒன்று, அதில் இருந்த வட்டி வேறு. அதோடு, நடுவர் முன் ஆஜராக வேண்டும் என்றும் இருந்தது. அந்த நடுவரை நியமித்ததும் அதே கம்பெனிதான்.

விருத்தாசலத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். பதினோராம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் நடுவர் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாகத் தம்பி கையெழுத்துப் போட்டிருக்கிறான்!

"ஏமாத்தி வாங்கின கையெழுத்து எப்படி சார் செல்லும்?" என்றேன்.

"அதையும் நடுவர்கிட்டதான் சொல்லணும்னு அவங்க சொல்லுவாங்க" என்றார். திருநெல்வேலி ஓட்டல் ஒன்றை நடத்திய அண்ணன் தம்பிகள் வழக்கில், 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை விளக்கினார். சாதாரண மோசடிப் புகாரை நடுவரே விசாரிக்கலாம். அந்த நடுவர் ஒப்பந்தமே சந்தேகத்துக்கு உள்ளாகும் அளவு கடுமையான மோசடி என்றால்தான் கோர்ட். அமெரிக்காவிலும் இதே தலைவலிதானாம். ஜூரி விசாரணை வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தவர், மொத்த ஒப்பந்தமும் மோசடி என்றால் போதாது. அந்த ஒரு ஷரத்தையே ஏமாற்றி வாங்கினார்கள் என்று காட்ட வேண்டும் எனப் பல கோர்ட்டுகள் கேட்கின்றன.

"ஆனா ஒண்ணு இருக்கு. வழக்கோட முடிவுல லாப நஷ்டம் உள்ளவங்க, தனி நடுவரைத் தாங்களே நியமிக்கக் கூடாதுன்னு 2019-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதை எழுத்துல ஆட்சேபிப்போம். பேசாம இருந்தீங்கன்னா, நீங்க இல்லாமலே தீர்ப்பு வந்துடும். அதை ரத்து பண்ணக் கேட்க மூணு மாசம்தான் டைம்" என்றார்.

அன்றே ஆட்சேபணையைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

இரவு அம்மாவிடம் சொன்னேன். அம்மா சுந்தரர் கதைக்குப் போய்விட்டாள். கல்யாணப் பந்தலில் கிழவர் ஒருவர் வந்து, "உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை, நீ எனக்கு அடிமை" என்கிறார். சுந்தரர் ஓலையைக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. மூல ஓலையை வாங்கி, பாட்டனின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் சபை தீர்ப்புச் சொல்கிறது.

"வந்தது சிவபெருமானே ஆனாலும், ஊர்ச் சபையிலதான் வழக்கு நடந்துச்சு. அவர் தன்னோட ஆளை நடுவராக் கூட்டிட்டு வரலையே!" என்றாள் அம்மா.

வழக்கு இன்னும் முடியவில்லை. தம்பி தினமும் ஆட்டோ ஓட்டுகிறான். போன வாரம் சிம் கார்டு வாங்கப் போன இடத்தில் படிவத்தை நீட்டினார்கள். தம்பி பேனாவை மூடி வைத்துவிட்டு, "முதல்ல படிச்சுக் காட்டுங்க" என்றானாம்.

கடைக்காரர் முறைத்தாராம். முறைக்கட்டும்!