ஈராண்டுக் கல்வியும் ஊதியமும்

கல்வியைப் பணத்தால் அளக்கலாமா என்று கேட்போர் உண்டு. அடுப்பில் உலை கொதிக்கும் வீட்டில் இருந்துகொண்டு அவ்வாறு கேட்பது எளிது. கூலிக்குச் செல்லவேண்டிய பிள்ளை ஈராண்டு வகுப்பில் அமர்ந்தால், அந்த ஈராண்டுக் கூலியை அக்குடும்பம் இழக்கிறது. ஆகவே, சமுதாயக் கல்லூரிகள் ஊதியத்தை உயர்த்துகின்றனவா என்னும் கேள்வியை இழிவானதாக நான் கருதவில்லை.

1901-இல் அமெரிக்காவின் ஜோலியட் நகரில் ஆறு மாணவர்களுடன் இத்தகைய கல்லூரி ஒன்று தோன்றிற்று. குறைந்த கட்டணம், எவருக்கும் திறந்த வாயில், ஈராண்டுப் படிப்பு என்பனவே இவற்றின் அடையாளம். சென்னை - மயிலை உயர்மறைமாவட்டம் 1996-இல் தொடங்கிய சமுதாயக் கல்லூரியும் இக்கருத்தைத் தழுவியதே.

தாமஸ் கேன், சிசிலியா ரவுஸ் ஆகிய பொருளியலறிஞர்கள் 1995-இல் வெளியிட்ட ஆய்வு, குடும்பப் பின்னணியையும் முந்தைய மதிப்பெண்களையும் கணக்கில் கொண்டது. அமெரிக்காவில் இக்கல்லூரிகளில் பயின்றோர், பட்டம் பெறாதவரும்கூட, உயர்நிலைப் பள்ளியோடு நின்றவரைவிடச் சராசரியாக 10 விழுக்காடு மிகுதியாக ஈட்டினர் என்று அது கண்டது. நல்ல செய்திதான். ஆனால் சராசரி பலவற்றை மறைத்துவிடும்.

1990-களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்தில் வேலையிழந்து, நடுவயதில் மீண்டும் வகுப்பறை புகுந்தோரைப் பற்றிய ஆய்வொன்று 2005-இல் வெளிவந்தது. ஓராண்டுப் படிப்பு ஆண்களின் ஊதியத்தை ஏறத்தாழ 9 விழுக்காடும் பெண்களின் ஊதியத்தை 13 விழுக்காடும் உயர்த்தியது. எதைப் படித்தார்கள் என்று பிரித்துப் பார்த்தபோதோ கதை வேறு. தொழில்நுட்பமும் கணிதமும் அறிவியலும் கற்ற பெண்களுக்கு உயர்வு 29 விழுக்காடு. பிற பாடங்களைக் கற்றவர்களுக்கு 3 விழுக்காடே. ஒரே கல்லூரி, ஒரே ஓராண்டு உழைப்பு! சேர்க்கை நாளன்று விண்ணப்பத்தில் எந்தப் பாடத்தைக் குறிப்பது என்று சொல்லித்தர ஆளில்லாத வீடுகளிலிருந்தே பெரும்பாலோர் வருகின்றனர் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அங்குச் சேருவோரில் பத்தில் எட்டுப் பேர், பின்னர்ப் பல்கலைக்கழகம் சென்று இளநிலைப் பட்டம் பெறுவோம் என்ற நம்பிக்கையுடனேயே வருகின்றனர். ஆறாண்டுகளில் அதனைப் பெறுவோர் ஏறத்தாழ ஆறில் ஒருவரே. எஞ்சியோருள் பலர் வேலையும் குழந்தைகளும் பேருந்துப் பயணமும் அழுத்த, ஒரு பருவம் விட்டு ஒரு பருவம் என வந்து, பின் வராமலே போகின்றனர். அவர்களின் பெயர்கள் வருகைப் பதிவேட்டிலிருந்து அரவமின்றி நீங்கிவிடுகின்றன.